கொடையா, சீதனமா?

சுந்தரபாண்டியத்தில் ஒரு டீக்கடை. ஏழெட்டுப் பேர் குடித்த டீ, தின்ற வடை எல்லாவற்றையும் மனசுக்குள்ளேயே கூட்டி, ஆளாளுக்கு மிச்சச் சில்லறை எவ்வளவு என்று சொல்லிக்கொண்டிருந்தான் ஓர் எட்டாம் வகுப்புப் பையன். “சாமி குடுத்த மூளை தம்பி, தானா மேல வந்துரும்” என்றார் அவன் தாத்தா.

இதையே படித்தவர்கள் சொல்லாராய்ச்சியோடு சொல்கிறார்கள். இப்படிப்பட்ட பிள்ளை ஆங்கிலத்தில் ‘கிஃப்டட்’, அந்த ஆற்றல் பிரெஞ்சில் ‘துவான்ஸ்’. இரண்டும் கொடையைத்தானே குறிக்கின்றன, கொடுத்துவைத்த பிள்ளைக்கு நாம் என்ன செய்ய இருக்கிறது என்பது அவர்கள் வாதம்.

துவான்ஸ் பழஞ்சொல் அல்ல. கனடாவின் கியூபெக்கில் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவியது. அங்கே அதை விளக்கிய உளவியலாளர் ஃபிரான்சுவா கான்யே, பயிற்சி படாத இயல்பான ஆற்றலுக்குத்தான் அந்தப் பெயரைத் தந்தார். பயிற்சியில் முதிர்ந்தால்தான் அது திறமை என்றார்.

வேரைத்தான் பார்ப்போம் என்றால், அதன் லத்தீன் மூலம் ‘தோஸ்’. பொருள், சீதனம். சீதனம் வானத்திலிருந்து விழுவதில்லை. ஒரு வீடு சீட்டுப் போட்டு, நகைக்கடையில் தவணை கட்டி, வருஷக்கணக்கில் சேர்ப்பது அது. வேர்ச்சொல் எதையும் நிரூபித்துவிடாது. ஆனாலும் இந்த வேர் அவர்கள் பக்கம் நிற்கவில்லை.

இதற்கான தமிழ்ச் சொற்களில் கொடுத்தவர் என்று ஒருவரே இல்லை. வடமொழியில் ‘மேதா’ என்றால் அறிவு. தமிழில் அது அறிவுடைய ஆளாகி ‘மேதை’ ஆயிற்று. ஆசிரியர்கள் சொல்லும் ‘மீத்திறன்’ மிகுந்த திறன், அவ்வளவே. குறளின் ‘மதிநுட்ப’த்தை இயற்கை அறிவு என்ற பரிமேலழகர், அமைச்சனுக்கு அதோடு நூலறிவும் வேண்டும் என்றே உரை எழுதினார்.

அப்படியானால் கணித மேதை ராமானுஜன்? நாமகிரித் தாயார் அருள் என்று அவரே நம்பினார். அந்த நம்பிக்கையோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் கார் என்பவர் எழுதிய கணிதத் தொகுப்பு 1903-இல் அவர் கைக்குக் கிடைத்தது. கும்பகோணம் கல்லூரியில் மற்ற பாடங்களில் தவறியதும் உதவித்தொகை போயிற்று. 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா. 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் கொடுத்த பிறகு முழுநேரமும் கணக்கில் உட்கார முடிந்தது. அருள் இருந்தும் அத்தனை ஆண்டுகள் திண்டாட வேண்டியிருந்தது.

இன்று மத்திய அரசின் வருவாய்வழித் திறன் படிப்புதவித் தேர்வு இருக்கிறது. அதில் தேர்ந்தெடுக்கப்பட்டால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். எட்டாம் வகுப்பில் மட்டுமே எழுத முடியும்.

“பேரனுக்கு அதுக்கு எழுதிப் போட்டாச்சா ஐயா?” என்று டீக்கடையில் அந்தத் தாத்தாவிடம் கேட்டேன்.

“அப்படி ஒரு பரீட்சையா?” என்றார்.