போட்ட ஓட்டு எங்கே போயிற்று?

பெரியபாளையத்தில் ஓட்டுப் போட்டுவிட்டு கும்மிடிப்பூண்டி ஆலைக்குப் பஸ் ஏறும் தொழிலாளியும், ஆரணியாற்றங்கரையில் நாற்று நடும் கூலிப் பெண்ணும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். நாம் போட்ட ஓட்டு எங்கே போயிற்று?

2014 பார்லிமெண்டுத் தேர்தலை எடுத்துக்கொள்வோம். நமது திருவள்ளூர் தொகுதியில் அ.தி.மு.க. வென்றது. இரண்டாவதாக வந்த விடுதலைச் சிறுத்தைகள் வேட்பாளருக்கு 3 லட்சம் பேருக்கு மேல் ஓட்டளித்தார்கள். முதலில் வந்தவருக்கே தொகுதி என்பது சட்டம். ஆகவே அந்த 3 லட்சம் பேருக்கும் டில்லியில் குரல் இல்லாமற் போயிற்று.

தமிழகம் முழுவதும் இதே கதைதான். சுமார் 44 சதவீத ஓட்டுப் பெற்ற அ.தி.மு.க.வுக்கு 39-இல் 37 ஸ்தானங்கள். 23 சதவீதத்துக்கு மேல் பெற்ற தி.மு.க.வுக்கு ஒன்றுகூட இல்லை! அகில இந்தியாவிலோ 31 சதவீத ஓட்டுக்கு பா.ஜ.க. 282 ஸ்தானங்களைப் பெற்று, தனி மெஜாரிட்டி அடைந்தது.

நூறு பேர் சேர்ந்து அறுத்த நெல்லை, அதிகம் அறுத்தவர் இவர்தான் என்று ஒருவர் வீட்டுக்கே அளந்து கொட்டினால் நாம் சம்மதிப்போமா? களத்து மேட்டில் ஒப்பாத நியாயத்தை ஓட்டுப் பெட்டியில் மட்டும் ஏன் ஒப்ப வேண்டும்?

ஹாலந்து நாட்டைப் பாருங்கள். அங்கே 1917-இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி விகிதாச்சாரப் பிரதிநிதித்துவத்தைக் கொண்டுவந்தார்கள். கீழ்ச்சபைக்கு 150 ஸ்தானங்கள். கட்சி பெறும் ஓட்டின் அளவுக்கு ஸ்தானம். 2023 தேர்தலில் வில்டர்சின் கட்சி 23 சதவீதத்துக்குச் சற்று மேல் பெற்றது. கிடைத்தவை 37 ஸ்தானங்கள். ஏறக்குறைய அதே சதவீதம் இங்கே பூஜ்யமாயிற்று.

“வில்டர்ஸ் வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்கள் மீது துவேஷம் வளர்ப்பவர் அல்லவா? அவரைப் போன்றோர் நுழைய இம்முறை வழி விடுகிறதே?” என்று சிலர் கேட்கலாம். உண்மைதான், நுழைந்தார். ஆனால் 37-ஐ வைத்துக்கொண்டு தனியாட்சி நடத்த முடியவில்லை. வேறு மூன்று கட்சிகளோடு சேர வேண்டியிருந்தது. பிரதமர் பதவியும் கிட்டவில்லை. 2025 ஜூனில் அவர் கட்சி விலகவே மந்திரிசபை கவிழ்ந்தது. அக்டோபர் தேர்தலில் அக்கட்சி 26 ஸ்தானங்களுக்கு இறங்கியது. நம் முறையிலோ 31 சதவீதமே முழு ஆட்சியாகிவிட்டது. எது ஆபத்து?

“தெருவிளக்குக்கும் சாலைக்கும் மனுக் கொடுக்க நமக்கென்று ஒரு மெம்பர் வேண்டாமா?” என்பது அடுத்த கேள்வி. வேண்டும். அண்டை நாடான நேபாளத்தில் 275 ஸ்தானங்களில் 165-க்குத் தொகுதித் தேர்தல், 110-க்கு விகிதாச்சாரம். இரண்டும் ஒன்றாக நடக்கின்றன.

இதை இடதுசாரிகள் தங்கள் லாபத்துக்காகக் கேட்கிறார்கள் என்பார் உண்டு. 2014-இல் தமிழகத்தில் இரு கம்யூனிஸ்டுக் கட்சிகளும் தனியே நின்று ஆளுக்கு ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. விகிதாச்சாரக் கணக்கிலும் அவற்றுக்கு ஓர் இடம் வந்திராது. நியாயம் யாருக்கு லாபம் என்று பார்த்துக் கேட்பதல்ல.

ஊர் ஊராய்ச் சிதறிக் கிடக்கும் கூலிக்காரர் ஓட்டு ஒரே கணக்கில் சேர வேண்டும். நாலு ஸ்தானத்துக்காகப் பெரிய கட்சியின் வாசலில் காத்து நிற்கும் நிலை மாற வேண்டும். ஆலை வாசலிலும் வயல் வரப்பிலும் இதைப் பேசுவோம். ஓட்டுக்கேற்ற ஸ்தானம் என்று ஒரே குரலில் கேட்போம்!