விதி வீட்டுக்காரருக்கு, லாபம் தரகருக்கா?

பட்டணம் வளர்வதைக் கண்டு நாம் பயப்பட வேண்டியதில்லை. ரோடும், ரயிலும், குழாய்த் தண்ணீரும், மாடிக் கட்டிடமும் கலியின் கோலம் என்று அழுகின்ற கூட்டத்தைச் சேர்ந்தவர்களல்ல நாம். ஆனால் பட்டணம் வளரும்போது அந்த வளர்ச்சியின் லாபம் யார் மடியில் விழுகின்றது, நஷ்டம் யார் தலையில் விழுகின்றது என்று கேட்க நமக்குப் பாத்தியதை உண்டா இல்லையா என்பதுதான் இன்றைய கேள்வி.

விஷயம் இதுதான். 2022-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் சென்னைப் பெருநகரத்தின் எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராகச் சர்க்கார் விஸ்தரித்தார்கள். அந்த எல்லை அரக்கோணம் பக்கம் வரையில் வந்துவிட்டது. திருவள்ளூருக்கும் திருமழிசைக்கும் புதுநகரத் திட்டம் என்கிறார்கள். சித்தூரிலிருந்து தச்சூருக்குப் போகும் ஆறுவழிச் சாலையோ பள்ளிப்பட்டு வழியாகவே போகின்றது. இவ்வளவும் நமது ஆர்.கே.பேட்டையைச் சுற்றி நடக்கும்போது, வீடு வாங்கும் தரகர்கள் மாத்திரம் சும்மா இருப்பார்களா? எந்த உத்தரவு எந்த ஊருக்குச் சேர்ந்தது என்று நமது ஜனங்கள் விசாரிப்பதற்கு முன்னாலேயே, அவர்கள் திண்ணைக்குத் திண்ணை ஏறிவிடுகிறார்கள்.

நிற்க, இந்த வியாபாரத்தின் சூட்சுமத்தைக் கொஞ்சம் கவனிப்போம். ஒரு நிலம் விவசாயத்துக்கா, குடியிருப்புக்கா, கடைக்கா, தொழிற்சாலைக்கா என்று பிரித்து வைப்பது 1971-ம் வருஷத்து நகர ஊரமைப்புச் சட்டம். அந்தப் பிரிவு மாறினால் அதே மண்ணுக்கு விலை ஏறும். மண் மாறவில்லை, மழை அதிகம் பெய்யவில்லை, காகிதத்தில் ஓர் எழுத்து மாறியது, அவ்வளவுதான். அந்த எழுத்து மாறப் போகின்றது என்று முன்கூட்டித் தெரிந்தவன், தெரியாதவனிடம் பழைய விலைக்கு ஒப்பந்தம் எழுதி வாங்குகிறான். இதற்குப் பெயர் சாமர்த்தியமாம்! ஏமாந்தவனைக் கேட்டால், "எல்லாம் என் தலையெழுத்து" என்கிறான். மாறியது சர்க்கார் காகிதத்து எழுத்தா, இவன் தலையில் உள்ள எழுத்தா என்று கேட்கின்றோம்.

தரகர் வரும்போது தனியாக வருவதில்லை. கூடவே வாஸ்து சாஸ்திரி ஒருவரும் வருகிறார். "அண்ணே, தெருக்குத்து இருக்கிறது, அதனால்தான் உங்கள் தறியில் லாபம் நிற்கவில்லை, வந்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போங்கள்" என்கிறார். நூல் விலை ஏறியதும் கூலி ஏறாததும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை; தெருக்குத்து மாத்திரம் தெரிகின்றது! ஆனால் அதே மனையைத் தரகர் வாங்கி, கல் நட்டு, கொடி கட்டி விற்கும்போது அது "லட்சுமி கடாட்சமுள்ள மனை" ஆகிவிடுகின்றது. நெசவாளி கையில் இருந்தவரையில் தோஷம், தரகர் கைக்குப் போனதும் யோகம் என்றால், அந்தத் தோஷம் மனையில் இருந்ததா, நெசவாளியின் அறியாமையில் இருந்ததா?

நமது ஜனங்களையும் நாம் கண்டிக்காமல் இருக்க முடியாது. வீட்டை விற்கலாமா கூடாதா என்று கேட்கத் திருத்தணி மலையின் 365 படிகளையும் வெயிலில் ஏறுகிறார்கள். நகர ஊரமைப்பு ஆபீசின் சில படிகளை ஏறி, "எங்கள் தெரு வரைபடத்தில் என்ன நிறத்தில் இருக்கிறது, மாற்ற உத்தேசம் உண்டா?" என்று கேட்பதற்கு மாத்திரம் கால் வலிக்கின்றது. ஒரு முழுத் திட்டம் போடும்போது அதைப் பிரசுரம் செய்து, ஜனங்கள் ஆட்சேபம் சொல்ல இரண்டு மாதத்துக்குக் குறையாமல் அவகாசம் கொடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்லுகின்றது. அந்த இரண்டு மாதத்தில் கட்டிடக் கம்பெனிக்காரர்கள் வக்கீல் வைத்து மனு கொடுக்கிறார்கள். நாமோ நல்ல நாள் பார்த்துக்கொண்டிருக்கின்றோம்.

நமது ஊரில் வீடு என்பது படுத்துத் தூங்கும் இடம் மாத்திரமல்ல. தறியும் அங்கேதான், பாவும் அங்கேதான், பிழைப்பும் அங்கேதான். நாளைக்கு ஒரு தெருவைச் சுத்தக் குடியிருப்பு என்று எழுதிவிட்டு, தறிச் சத்தம் ஆகாது என்று மாடிவீட்டுக்காரர் மனு கொடுத்தால் நெசவாளி எங்கே போவான்? வீட்டுக்கு விலை பேசுகிற தரகர் தறிக்கு விலை பேசுகிறாரா? ஆகையால், வீட்டுத் தறிக்கு இடமுண்டு என்று திட்டத்திலேயே எழுதும்படி கேட்க வேண்டியது விற்கிறவர், விற்காதவர் இருதிறத்தாரின் கடமையாகும்.

இனி ஒப்பந்தத்தைப் பற்றி. "இது வெறும் முன்பணச் சீட்டு, பதிவு கூட இல்லை" என்று சொல்லிக் கையெழுத்து வாங்குவார்கள். 2012 டிசம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தையும், அசையாச் சொத்துக்கான பவர் பத்திரத்தையும் பதிவு செய்தே தீரவேண்டும். ஆனால் பதிவில்லாத சீட்டு செல்லாது என்று மெத்தனமாய் இருந்துவிடாதீர்கள். கிரயம் செய்து கொடுக்கும்படி போடும் வழக்கில் அந்தச் சீட்டைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்று 2023-ல் சுப்ரீம் கோர்ட், தமிழ்நாட்டு வழக்கொன்றிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. பவர் பத்திரமோ இன்னும் ஆபத்து. அதனால் சொத்து கைமாறிவிடாது என்று 2011-ல் அதே கோர்ட் சொன்னது மெய்தான். என்றாலும், விற்கும் அதிகாரம் எழுதிக் கொடுத்துவிட்டால், வாங்கியவர் உங்கள் பெயரைச் சொல்லியே வேறொருவருக்குக் கிரயம் எழுதிவிடலாம்.

மற்றொரு தந்திரம் இரகசியம். "அண்ணே, உங்களுக்கு மாத்திரம் இந்த விலை, பக்கத்து வீட்டில் சொல்லாதீர்கள்" என்பார் தரகர். இதையே பக்கத்து வீட்டிலும் சொல்லியிருப்பார். ஏன்? கணக்குப் பாருங்கள். ஒரு வீடு 3 சென்டு என்று வைத்துக்கொள்வோம். பத்து வீடு சேர்ந்தால் 30 சென்டு, அதாவது சுமார் 13,000 சதுர அடி. 2019-ம் வருஷத்துக் கட்டிட விதிகள்படி சாதாரணமாய் மனையின் பரப்பைப்போல் 2 மடங்கு தளம் கட்டலாம். 18 மீட்டர் அகல ரோட்டின்மேல் உயர்ந்த கட்டிடமானால் 3.25 மடங்கு வரையில் போகலாம். மூன்று சென்டில் சுற்றிலும் இடம்விட்டுக் கட்டுகிறவனுக்கு இந்த லாபம் கைக்கு எட்டாது. பத்தும் சேர்ந்தால்தான் எட்டும். ஆக, விலை இருப்பது சேர்க்கையில்! அந்தச் சேர்க்கையை நாம் செய்தால் லாபம் நமக்கு. நம்மைப் பிரித்துவைத்துத் தரகர் செய்தால் அவருக்கு.

பெண்களின் பங்கைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929-ல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மகாநாடு தீர்மானித்தபோது கேலி செய்தவர்கள் அனேகர். 1989-ல் தமிழ்நாட்டுச் சட்டத்திலும், 2005-ல் இந்தியா முழுவதற்குமான சட்டத்திலும், பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு வந்துவிட்டது. இன்றைக்கோ, "சும்மா ஒரு கையெழுத்து, அம்மா" என்று அந்தப் பங்கை ஒரு புடவைக்கு விடுதலைப் பத்திரம் எழுதி வாங்குகிறார்கள். எழுதி வாங்குகிறவர் அனேகமாய்த் தரகர்கூட அல்ல, கூடப்பிறந்த அண்ணன்!

"கட்டிடக்காரன் பணம் போடுகிறான், திட்டம் மாறாவிட்டால் நஷ்டப்படுகிறான், லாபம் அவனுக்குத்தானே?" என்று சிலர் கேட்கலாம். அவன் போட்ட பணத்துக்கு லாபம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் சட்டம் மாறியதால் வந்த விலை அவன் உழைப்பில் வந்ததா? அவன் துணிந்து காத்திருக்கிறான் என்றால், ஒப்பந்தம் எழுதிய வீட்டுக்காரரும் வேறு யாருக்கும் விற்காமல் காத்திருக்கிறாரே! காத்திருந்த இருவரில் ஒருவருக்கு மாத்திரம் கூலி என்பது என்ன நியாயம்?

ஆகவே தோழர்களே, தனித்தனியாய்ப் பேசாதீர்கள், தெருவாய்ப் பேசுங்கள். ஒப்பந்தத்துக்கு முடிவு தேதி வையுங்கள். நில உபயோகம் மாறி விலை ஏறினால் அந்த ஏற்றத்தில் இன்ன பங்கு வீட்டுக்காரருக்கு என்று எழுதச் சொல்லுங்கள். பவர் பத்திரம் கொடுக்காதீர்கள். பங்குள்ள பெண்கள் எல்லோரும் விஷயம் தெரிந்து, சம்மதித்துக் கையெழுத்திடட்டும். எழுதியதைத் தமிழிலும், தெலுங்கு பேசும் வீட்டில் தெலுங்கிலும் உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். விற்க இஷ்டமில்லாதவர் விற்க வேண்டாம். அவரைத் தெருவுக்கு விரோதி என்று தூற்றவும் வேண்டாம்.

அடுத்த தடவை தரகர் வரும்போது தெருவார் பத்துப் பேரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கட்டும். அப்பொழுது அவர் எந்தச் சாஸ்திரத்தை எடுத்து விரிக்கிறார் என்று பார்ப்போம்!