கூடையை விடுங்க, அடுப்படிக்கு வாங்க

நம்ம காலேஜ்ல கேமரா வெச்சிருக்கிற யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க, கதை ஒண்ணுதான். முதல் வருஷம் சூரிய அஸ்தமனம். ரெண்டாம் வருஷம் சிம்போசியம். மூணாம் வருஷம் வர்றதுக்குள்ள யாராவது ஒரு சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. "தம்பி நல்லா எடுக்கறான்"னு ஒரு பேர் வந்துட்டா அடுத்து முதல் பிறந்தநாள், பேர் வைக்கற விசேஷம், அப்புறம் 'பேபி ஷூட்'. லென்ஸ் இஎம்ஐ கட்ட, மெஸ் பில் கட்ட, எல்லாத்துக்கும் உதவுற காசு. அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. நம்ம ஆளுங்கள்ல சில பேர் டிகிரி முடிச்சதும் இதையே தொழிலா எடுக்கப் போறாங்க. தாராளமா எடுக்கட்டும்.

எனக்குப் பிரச்சனை அந்தக் கூடையோடதான்.

பார்த்திருப்பீங்க. பஞ்சு வெச்ச பிரம்புக் கூடை, உள்ள சுருண்டு தூங்கற பத்து நாள் குழந்தை, தலையில பின்னல் தொப்பி. இல்லன்னா குழந்தை ரெண்டு முழங்கையையும் ஊன்றி, தன் கையிலயே தாடையைத் தாங்கிப் படுத்திருக்கும். தவளை போஸ்னு பேர். இந்தப் போஸ்ல படம் கேட்டு வர்ற பெற்றோருக்கும், அதை எடுத்துத் தர ஒத்துக்கற நமக்கும் ஒரு விஷயம் தெரிஞ்சிருக்கணும்: அது ஒரே படம் கிடையாது. பயிற்சி எடுத்தவங்க அதை ரெண்டு படமா எடுத்து ஒட்டுவாங்க. ஒண்ணுல உதவியாளர் குழந்தையோட தலையைப் பிடிச்சிருப்பார், இன்னொண்ணுல மணிக்கட்டைப் பிடிச்சிருப்பார். பிடிச்ச விரலையெல்லாம் ஃபோட்டோஷாப்ல அழிச்சிடுவாங்க. பிறந்த குழந்தைக்குக் கழுத்து நிக்காது. தலை ஓரளவு நிலைக்கவே மூணு நாலு மாசம் ஆகும். இது தெரியாம, இன்ஸ்டாகிராம்ல பார்த்த படத்தை ஒரே ஷாட்ல கொண்டு வரப் பார்க்கிற ஒரு பத்தொன்பது வயசுப் பையன் என்ன விளையாட்டு விளையாடறான்னு யோசிச்சுப் பாருங்க. நமக்கு லேப்ல லேத் மெஷினைத் தொடறதுக்கு முன்னாடி ஷூ போட்டிருக்கியான்னு பார்க்கறாங்க. பச்சைக் குழந்தையைத் தொடறதுக்கு முன்னாடி யாரும் எதுவும் பார்க்கறதில்ல.

பச்சைக் குழந்தை ஷூட் வந்தா அம்மா பக்கத்துல, அதே கட்டில்ல, மல்லாக்கப் படுக்க வெச்சு ஜன்னல் வெளிச்சத்துல எடுங்க. அது போதும். மூணு வயசுக்கு மேல இருக்கிற குழந்தைன்னா ஸ்டுடியோவும் வேண்டாம், தெர்மாகோல் யூனிகார்னும் வேண்டாம். நேரா அடுப்படிக்குப் போங்க. ஏன்னு சொல்றேன்.

குழந்தைகிட்ட "சிரி"ன்னு சொன்னா அது பல்லைக் காட்டும். சிரிக்காது. கையில ஒரு வேலையைக் கொடுத்தா அஞ்சு நிமிஷத்துல கேமராவை மறந்துடும். வீட்டுல ஒரு குழந்தை ஆசை ஆசையா வேலை கேட்கற இடம் எதுன்னா சமையலறைதான். பட்டாணி உரிக்கறது, முருக்கு அச்சை ரெண்டு கையாலயும் மூச்சைப் பிடிச்சு அழுத்தறது, ஆஸ்திரேலியா மேப் மாதிரி சப்பாத்தி தேய்க்கறது. அந்த நேரத்துல நாக்கு வெளியே வந்து ஓரமா நிக்கும் பாருங்க, அந்த முகத்தை எந்த ஸ்டுடியோவுலயும் வரவழைக்க முடியாது.

அதோட, வீட்டுச் சமையல்ங்கறது தினமும் நடக்கற சோதனை. நம்ம லேப்ல ரிசல்ட் முன்னாடியே ரெக்கார்ட் நோட்ல இருக்கும். அங்க அப்படி இல்ல. இரும்பு தோசைக்கல்லுல தண்ணி தெளிச்சுப் பாருங்க. கல் அளவா காஞ்சிருந்தா 'சொய்'னு ஆவியாயிடும். ரொம்பக் காஞ்சிருந்தா துளி முத்து மாதிரி உருண்டு கல்லு பூரா ஓடும், ஏன்னா துளிக்கு அடியில ஆவியே ஒரு மெத்தையாகி அதைத் தூக்கிப் பிடிக்குது. மெக்கானிக்கல் மக்களுக்கு இது லைடன்ஃப்ராஸ்ட் எஃபெக்ட், ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர்ல ரெண்டு மார்க். 1756-ல அதைப் பத்தி எழுதின அந்த ஜெர்மன் டாக்டருக்குத் தோசை தெரிஞ்சிருக்காது. நம்ம பாட்டிக்கு அவரைத் தெரியாது. ஆனா துளி ஓடறதைப் பார்த்து "கல்லு ரொம்பக் காஞ்சிடுச்சு, அடுப்பைக் குறை"ன்னு பாட்டி சொன்னது சரிதான். அடுப்புலருந்து நல்லாத் தள்ளி ஸ்டூல்ல உட்கார்ந்திருக்கிற அஞ்சு வயசுக் குழந்தைக்கு அந்தத் துளி ஓடறது சர்க்கஸ்.

இன்னொண்ணு, சங்குப்பூ. வேலியோரம் பூக்கறதுல நாலு பறிச்சு வெந்நீர்ல போட்டா தண்ணி நீலமாகும். ஆறினதும் எலுமிச்சை பிழிஞ்சா ஊதாவாகும். லிட்மஸ் தாள் செய்யற வேலையேதான். நிறம் மாறறது ஒரு நொடி. புதுசா கேமரா வாங்கினவங்க எல்லாரும் அந்த ஒரு நொடியில டம்ளரைத்தான் ஃபோகஸ் பண்ணுவாங்க. முகத்தைப் பண்ணுங்க. டம்ளர் படத்தை யாரும் ஃப்ரேம் போட்டு மாட்டப் போறதில்ல.

தோத்துப் போன சோதனையை விட்டுடாதீங்க. பீட்ரூட் அரைச்சு ஊத்தின தோசை மாவு பாத்திரத்துல பார்க்க ரோஜாப்பூ மாதிரி இருக்கும். கல்லுல போட்டா பல தடவை பழுப்பாயிடும். பீட்ரூட்டோட நிறம் சூட்டைத் தாங்காது. "ரோஸ் தோசை எங்கம்மா?"ன்னு ஒரு முகம் கேட்கும் பாருங்க. யூட்யூப் தம்ப்நெயில்ல அந்த முகத்துக்கு இடமில்ல. குடும்ப ஆல்பத்துல முதல் பக்கமே அதுதான். பதினஞ்சு வருஷம் கழிச்சு அந்தப் பிள்ளை நம்மள மாதிரி ஹாஸ்டல்ல உட்கார்ந்து எடுத்துப் பார்க்கிறப்ப கூடையில தூங்கின படம் அதுக்கு என்ன சொல்லும்? அதுல வீடு இல்ல, அம்மா இல்ல, அந்தக் குழந்தையே பாதிதான் இருக்கு.

அம்மான்னதும் ஒரு கேள்வி. உங்க வீட்டு ஆல்பத்தை எடுத்துப் பாருங்க, இல்ல போன் கேலரியைத் திறங்க. விசேஷம், டூர், பிறந்தநாள் எல்லாத்துலயும் அம்மா எத்தனை படத்துல இருக்காங்க? இருந்தாலும் பட்டுப்புடவை கட்டி வரிசையில நிக்கறதாத்தான் இருக்கும். வந்தவங்களை உட்கார வெச்சுப் படம் எடுக்கிற நேரத்துல அவங்க உள்ள பாயசம் அடிப்பிடிக்காம கிண்டிட்டு இருந்திருப்பாங்க. 1990-ல கேரி மே வீம்ஸ்னு ஒரு அமெரிக்கப் புகைப்படக்காரர் 'கிச்சன் டேபிள் சீரிஸ்'னு ஒரு வரிசை எடுத்தாங்க. ஒரே மேஜை, மேல தொங்கற ஒரே விளக்கு, இருபது படம். காதலன் வர்றான், தோழிகள் வர்றாங்க, ஒரு சின்னப் பொண்ணு அம்மா மாதிரியே கண்ணாடி பார்த்து உதட்டுச்சாயம் பூசுது. எல்லாப் படத்துலயும் மேஜையில இருக்கிற பொண்ணு வீம்ஸேதான். உண்மையைச் சொல்லணும்னா அதெல்லாம் நடிச்சு எடுத்தது, நான் சொல்றதுக்கு நேர் எதிர். ஆனாலும் ஒரு மனுஷியோட வாழ்க்கையைக் காட்ட அந்த மேஜையை விட்டு வெளியே போகத் தேவையில்லன்னு அவங்க காட்டினது இன்னிக்கும் நிக்குது.

சரி, டெக்னிக்கல் ஆளுங்க கையைத் தூக்கறது தெரியுது. வாடகை வீட்டு அடுப்படி ஆறுக்கு எட்டு, வெளிச்சம் கேவலம். ஒத்துக்கறேன். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால சோக் வெச்ச பழைய டியூப்லைட் நொடிக்கு 100 தடவை மங்கி மங்கிப் பிரகாசிக்குது. மலிவான எல்இடி பல்பு சிலதும் அப்படித்தான். 1/500-ல எடுத்தா ஒரு படம் வெளிச்சமா, ஒரு படம் மங்கலா வரும், குறுக்கே பட்டையும் விழும். 1/100-க்கு இறக்கினா பட்டை போயிடும், ஆனா மாவு பிசையற குட்டிக் கை கலங்கிடும். வழி ஒண்ணுதான்: டியூப்லைட்டை அணைச்சிடுங்க, ஜன்னலையும் கொல்லைக் கதவையும் திறந்து விடுங்க, காலையில எட்டரை மணிக்குப் போங்க. ஐஎஸ்ஓ ஏறினா ஏறட்டும். புள்ளி புள்ளியா இருக்குன்னு எந்த அம்மாவும் படத்தைத் திருப்பித் தந்ததில்ல.

லென்ஸ் விஷயத்துல பந்தா வேண்டாம். கிராப் சென்சார் கேமராவுல 50 எம்எம் மாட்டினா அது 75 மாதிரி இறுகிடும், நீங்க சுவத்துக்குள்ள போய் நிக்கணும். கேமராவோட வந்த 18-55 போதும். போன்ல எடுத்தா அல்ட்ரா வைடு பக்கம் போகாதீங்க, கிட்டப் போனா மூக்கு மட்டும் வீங்கித் தெரியும். வாசப்படியில உட்காருங்க. நின்னுக்கிட்டு எடுத்தா குழந்தையோட உச்சந்தலைதான் கிடைக்கும். முதல் அரைமணி கேமராவைப் பையிலயே வெச்சுட்டு நீங்களும் ரெண்டு வெங்காயம் உரிங்க. "வீடெல்லாம் குப்பையா இருக்கு தம்பி, ஒரு நிமிஷம் இருங்க, புடவை மாத்திட்டு வந்துடறேன்"னு அந்த அக்கா சொல்வாங்க. மாத்தட்டும், அவங்க இஷ்டம். வெங்காயம் உரிச்சு முடிக்கறதுக்குள்ள மத்தது தானா சரியாகும்.

எண்ணெய்ச் சட்டி அடுப்புல இருக்கும்போது குழந்தையைப் பக்கத்துல கூப்பிடாதீங்க. பூரி உப்பறதை எடுக்கணும்னா பூரியைத் தனியா எடுங்க, வாயைப் பிளக்கற குழந்தையைத் தள்ளி நிக்க வெச்சுத் தனியா எடுங்க. நல்ல படத்துக்காகன்னு சொல்லி ஒரு அடி கூட முன்னாடி நகர்த்தக் கூடாது.

இதை விடக் கஷ்டமான ஒண்ணு இருக்கு. 2023 ஆகஸ்ட்ல 'எக் கிராக் சேலஞ்ச்'னு ஒண்ணு உலகம் பூரா ஓடினது ஞாபகம் இருக்கா? "வா கண்ணு, நம்ம சேர்ந்து சமைக்கலாம்"னு குழந்தையைக் கூப்பிட்டு, கேமராவை ஆன் பண்ணி, முட்டையை அது நெத்தியிலயே தட்டி உடைக்கறது. சில குழந்தைங்க சிரிச்சது. சிலது நெத்தியைப் பிடிச்சுக்கிட்டு அம்மாவைப் பார்த்தது. அந்தப் பார்வைக்குத்தான் லைக்ஸ். நம்ம ஊருல எலுமிச்சம்பழத்தை நக்க வெச்சு ரியாக்‌ஷன் எடுக்கிறதும், ஊசி போடறப்ப அழறதை ரீல்ஸ் போடறதும் இதோட தம்பி தங்கச்சிங்கதான். நான் அடுப்படிக்குப் போங்கன்னு சொல்றப்ப இதைச் சொல்லல. குழந்தை நம்பி வந்து உட்கார்ற இடம் அது. அங்க போய் அந்த நம்பிக்கையையே கன்டென்ட் ஆக்கினா, கூடையே தேவலாம்னு ஆயிடும்.

அதனால எடுக்கறதுக்கு முன்னாடி கேளுங்க, குழந்தைகிட்டயே. "நீ தோசை ஊத்தறதை எடுக்கட்டுமா?" நாலு வயசுக்கு இந்தக் கேள்வி நல்லாவே புரியும். வேண்டாம்னா வேண்டாம். கேமராவை அது கையில கொடுத்து ரெண்டு படம் எடுக்கச் சொல்லுங்க. கொஞ்ச நேரத்துல அதுவே "அண்ணா, என்னை எடு"ன்னு வரலாம், வராமலும் போகலாம். வெளியே போடற விஷயத்துல இன்னும் கறாரா இருங்க. 18 வயசுக்குக் கீழ உள்ளவங்களோட தகவலைக் கையாள பெற்றோர் சம்மதம் வேணும்ங்கறது 2023-ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல இருக்கு. பெற்றோர் சம்மதம் மட்டும் போதுமாங்கறது பழைய சண்டை. 1992-ல சாலி மேன் தன் மூணு குழந்தைங்களைத் தானே எடுத்த படங்களை 'இம்மீடியட் ஃபேமிலி'ன்னு புத்தகமாப் போட்டப்பவே, அம்மாவே எடுத்தாலும் குழந்தைக்குப் பதிலா அம்மா சரின்னு சொல்லலாமான்னு கேட்டாங்க. படங்கள் அபாரம். கேள்வி இன்னும் அப்படியே நிக்குது. என் கட்சி இதுதான்: உங்க பேஜ்ல போட்டுக்க முகம் தெரியாத படம் ரெண்டு எடுத்துக்குங்க. மாவு அப்பின கை, ஸ்டூல்ல தொங்கற கால். மத்ததெல்லாம் அந்த வீட்டுச் சொத்து.

"இதுக்கெல்லாம் யார் காசு தருவா?"ன்னு ஒரு சீனியர் கேட்டார். நியாயமான கேள்வி. கூடை ஷூட்டுக்கு என்ன கேட்கறீங்களோ அதையே கேளுங்க. கூடை, தொப்பி, பேக்டிராப் வாடகை மிச்சம்தானே. சாம்பிள் காட்ட முதல்ல உங்க வீட்டுலயே ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுங்க. அக்கா பையன் இருக்கான், பக்கத்து வீட்டுப் பாப்பா இருக்கு, அப்பாவை ஒரு நாள் ரசம் வைக்கச் சொன்னா அதுவே தனி சோதனை.

கொடுக்கறப்ப வாட்ஸ்அப்ல படமா அனுப்பாதீங்க, பாதி தரம் போயிடும். டாக்குமென்ட்டா அனுப்புங்க, ஆனா அதுல எடுத்த இடத்தோட ஜிபிஎஸ் விவரமும் கூடவே போகலாம், முதல்ல அதை நீக்கிடுங்க. பத்துப் படமாவது பிரிண்ட் போடுங்க, 4க்கு 6 சைஸ் போதும். பின்பக்கம் மார்க்கர்ல தேதி, அன்னிக்கு என்ன சமைச்சாங்க, அளவு என்னன்னு அந்த அம்மா சொன்ன வார்த்தையிலயே எழுதிக் கொடுங்க. "ஒரு கை அரிசி, கண்ணளவு உப்பு." "பீட்ரூட் தோசை, ரோஸ் வரல."