அங்கேரி ஆல்பர்ட்டும் நம் பலராமும்

"பந்து உனக்குச் சோறு போடுமா?"

தென்காசிப் பக்கம் இந்தக் கேள்வியைக் கேட்காத தாய்மார் குறைவு. பையன் முழங்கால் வரை சகதியோடு வாசலில் வந்து நிற்பான். கையில் கிழிந்த பந்து. தாய்க்குக் கோபம் வராதா? வரத்தான் செய்யும். ஆனால் பந்தைப் பிடுங்கிப் பரணில் போடுவதற்கு முன், இரண்டு பேரின் கதையைக் கேளுங்கள்.

1960-ம் ஆண்டு ஆகஸ்டு 26-ந் தேதி. இத்தாலியில் லாக்குயிலா என்ற மலை நகரம். ஒலிம்பிக் கால்பந்துப் போட்டி. ஒரு பக்கம் அங்கேரி, மறு பக்கம் இந்தியா. அங்கேரி சாதாரண நாடா? 1952-ல் ஒலிம்பிக் தங்கம் வென்ற நாடு. 1954-ல் உலகக் கோப்பை இறுதிப் போட்டி வரை போன நாடு. நமக்கு எத்தனை கோல் விழுமோ என்று பயந்தவர்கள் உண்டு. ஆனால் அங்கேரியால் 2 கோல்தான் போட முடிந்தது. நாம் ஒரு கோல் போட்டோம்.

அங்கேரியின் இரண்டு கோல்களில் ஒன்றைப் போட்டவர் புளோரியன் ஆல்பர்ட். வயது 18. இந்தியாவின் கோலைப் போட்டவர் துளசிதாஸ் பலராம். வயது 23. இந்தப் பலராம் யார் தெரியுமா? செகந்திராபாத்தை அடுத்த அம்முகூடாவில் பிறந்தவர். பெற்றோர் தமிழர்கள். தாயார் பெயர் முத்தம்மா.

ஆல்பர்ட் கிராமத்துப் பிள்ளை. தகப்பனார் கொல்லுப் பட்டறைக்காரர். குடும்பம் புடாபெஸ்ட் நகருக்குக் குடிபோயிற்று. 11 வயதிலேயே பெரன்ஸ்வாரோஸ் என்ற பெரிய கால்பந்துக் கழகம் அவரைச் சிறுவர் அணியில் சேர்த்துக்கொண்டது. கடைசி வரை அந்த ஒரே கழகம்தான்! 17 வயதில் நாட்டுக்காக ஆடினார். 1962 உலகக் கோப்பையில் 4 கோல் போட்டு, அதிகக் கோல் போட்டவர்கள் வரிசையில் நின்றார். 1966-ல் லிவர்பூல் நகரில் பிரேசிலை அங்கேரி 3-1 என்று வீழ்த்தியது. அந்த ஆட்டத்தில் ஆல்பர்ட் ஒரு கோலும் போடவில்லை. ஆனாலும் ரசிகர்கள் அவர் பெயரைச் சொல்லித்தான் ஆரவாரம் செய்தார்கள். பந்தை அடுத்தவனுக்குக் கொடுக்கத் தெரிந்தவன்தானே நல்ல ஆட்டக்காரன்! 1967-ல் ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து பரிசு அவருக்குக் கிடைத்தது. அங்கேரியர் ஒருவருக்கு அந்தப் பரிசு கிடைத்தது அந்த ஒரே தடவைதான்.

பலராமுக்குச் சிறுவர் அணி ஏது? காலில் போட பூட்சு ஏது? போலீசார் கழித்துப் போட்ட பழைய பூட்சைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து, ஆடுவதற்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார். பயிற்சியாளர் ரகீம் இவரைக் கண்டு, ஐதராபாத்துக்குப் பயிற்சிக்கு வரச் சொன்னார். போய்வரக் காசு இல்லை. ரகீம் என்ன செய்தார்? வாடகைச் சைக்கிளுக்குத் தன் கைப்பணத்தைக் கொடுத்தார்!

அந்தச் சைக்கிள்தான் பலராமை மெல்போர்ன் வரை கொண்டுபோனது. 1956 ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற இந்தியக் குழுவில் அவரும் இருந்தார். 1957-ல் கல்கத்தா ஈஸ்ட் பெங்கால் அணிக்குப் போனார். 1961-ல் அதன் தலைவர். அந்த ஆண்டு லீக் பட்டமும் வந்தது. அதிகக் கோல் போட்டவரும் அவரே. 1962-ல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுத் தங்கம். அர்ஜுனா விருதும் அதே ஆண்டில். பி.கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம் ஆகிய மூவரையும் மும்மூர்த்திகள் என்றார்கள்.

அதன் பிறகுதான் இடி விழுந்தது. நுரையீரலை மூடியுள்ள சவ்வில் வரும் 'புளூரிசி' என்ற நோய். மூச்சை இழுத்தால் நெஞ்சு குத்தும். ஓடுவது எப்படி? 1963-ல் ஆட்டத்தை விட்டார். வயது சுமார் 27.

ஆல்பர்ட்டுக்கும் அதே 27-ல் அடி விழுந்தது. 1969-ல் டென்மார்க் ஆட்டத்தில் கால் முறிந்தது. ஆனால் தேறி வந்து 1974 வரை ஆடினார். 2007-ல், அவர் உயிரோடு இருக்கும்போதே, கழகத்தின் மைதானத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். 2011-ல் காலமானார். நம் பலராம் கல்கத்தா அருகே உத்தரபாராவில் வாழ்ந்து, 2023 பிப்ரவரி 16-ந் தேதி காலமானார். பானர்ஜிக்கும் கோஸ்வாமிக்கும் பத்மஸ்ரீ வந்தது. பலராமுக்கு வரவில்லை. ஏன் என்று கேட்க ஆள் இல்லாமல் போய்விட்டது.

இருவருக்கும் திறமை இருந்தது. ஒருவருக்கு 11 வயதில் ஒரு மைதானம் கிடைத்தது. மற்றவருக்கு, நல்லவர் ஒருவர் கண்ணில் படும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. எல்லா ஊருக்கும் ரகீம் வருவாரா?

நம் ஊர் நிலையைப் பாருங்கள். பிசான அறுவடை முடிந்ததும் இலஞ்சி, மேலகரம், ஆயிரப்பேரி வயல்களில் தாள் மட்டும் நிற்கும். பையன்களுக்குக் கொண்டாட்டம்! இரண்டு செங்கல் வைத்தால் கோல் கம்பம் தயார். ஜூன் மாதம் சாரல் தொடங்கும். வெயில் இல்லை, புழுக்கம் இல்லை. ஐரோப்பாக்காரன் ஆடுவதே இப்படிப்பட்ட குளிர்ந்த ஈரத்தில்தான். ஆனால் அப்போது வயலில் கார் நடவு நடக்கும். ஆட இடம் இல்லை! ரோட்டில் ஆடலாம் என்றால், குற்றாலத்துக்குக் குளிக்க வரும் கார்கள் வரிசையாய் நிற்கின்றன. விருந்தினரைக் குறை சொல்லவில்லை. அவர்களால் ஊருக்குப் பிழைப்பு.

பள்ளிக்கூட மைதானங்கள் இருக்கின்றனவே! மாலையில் மணி அடித்ததும் ஏன் கேட்டைப் பூட்ட வேண்டும்? தென்காசி 2019-ல் தனி மாவட்டமாகிவிட்டது. அதிகாரிகள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். சாரல் மாதங்களில் மாலை ஆறரை மணி வரை மைதானங்களைத் திறந்துவிட அவர்கள் உத்தரவிடலாம். ஆடும் பிள்ளைகளின் நெஞ்சையும் மூச்சையும் ஆண்டுக்கு ஒரு முறை அரசு டாக்டர் பார்க்கட்டும். உடற்பயிற்சி ஆசிரியர் மாலையில் கூடுதலாக நிற்பதற்குப் படி கொடுக்கட்டும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டுப்பாடம் முடித்த பிறகு ஆடு என்று சொல்லுங்கள். நனைந்து வந்தால் தலையைத் துவட்டிவிடுங்கள். பந்து பரணில் வேண்டாம், கதவு மூலையிலேயே கிடக்கட்டும்.