காரின் ஆயுளும் கம்பெனியின் கடமையும்

பழைய கார்கள்தாம் உழைத்தன, இன்றைய கார்கள் சீக்கிரம் கெட்டுப்போவதற்கென்றே தகட்டாலும் பிளாஸ்டிக்காலும் செய்யப்படுகின்றன என்று பட்டறை வாசலில் காத்திருக்கும் கார்ச் சொந்தக்காரர்கள் அலுத்துக்கொள்வதை நம்மில் பலரும் கேட்டிருப்போம். அந்த அபிப்பிராயத்தில் பாதி தவறு; மற்றப் பாதி, அதைச் சொல்கிறவர்கள் நினைப்பதைக் காட்டிலும் கவலை தருவது.

தவறான பாதியை முதலில் தீர்த்துவிடலாம். ஐம்பதுகளின் இறுதியிலிருந்து 2014 வரை வங்காளத்து உத்தரபாராவில் ஏறக்குறைய ஒரே உருவத்தோடு வெளிவந்த அம்பாசிடரை வைத்திருந்தவர்களுக்கு, பிளாட்டினம் பாயிண்ட் தேய்ந்து வண்டி நடுவழியில் நிற்பதும், மலைப்பாதையில் ரேடியேட்டர் கொதிப்பதும், எஞ்சினை இறக்கி ரீபோர் செய்வதும் சர்வ சாதாரணம். அமெரிக்காவில் அறுபதுகளில் விற்ற கார்களில் ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டருக்குப் பெரும்பாலும் ஐந்தே இலக்கங்கள். 99,999 மைலைத் தாண்டினால் அது மறுபடியும் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். இன்றோ அந்நாட்டுச் சாலைகளில் ஓடும் வாகனங்களின் சராசரி வயதே 12 ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. துத்தநாகப் பூச்சேறிய தகடும், நுண்ணிய அளவில் கடையப்பட்ட எஞ்சினும், மேம்பட்ட எண்ணெயும் சேர்ந்து இரும்பின் ஆயுளை வளர்த்திருக்கின்றன என்பதை மறுப்பது நியாயமாகாது.

காரைச் சீக்கிரம் பழையதாக்கும் உபாயம் முதன்முதலில் கைக்கொள்ளப்பட்டபோது, அதற்கு யந்திரத்தைப் பலவீனப்படுத்த வேண்டிய அவசியமே இருக்கவில்லை. தம்மிடம் ஒரு கார் வாங்கியவர் மறுபடி ஒன்று வாங்க நேரவே கூடாது என்பதுதான் தம் விருப்பம் என்று 1922-இல் வெளியான தம் நூலில் எழுதிய ஹென்றி ஃபோர்டு, 1908-இல் தொடங்கிய மாடல் டி காரை 1927 வரை ஒன்றரைக் கோடி எண்ணிக்கையில் செய்து குவித்தார். 1923-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் தலைவரான ஆல்ஃபிரட் ஸ்லோனோ, ஆண்டுதோறும் காரின் தோற்றத்தை மாற்றி, போன வருஷத்துக் கார் எவ்வளவு நன்றாக ஓடினாலும் அதன் சொந்தக்காரருக்கே அது பழசாகத் தோன்றும்படி செய்கிற வழியைப் பிடித்தார். 1927-இல் ஹார்லி ஏர்ல் என்பவரை அமர்த்தி, கலைக்கும் வர்ணத்துக்கும் என்றே தனி இலாகா ஒன்றைத் திறந்தார். அதே ஆண்டில் ஃபோர்டு, மாடல் டி-யைக் கைவிட்டு, ஆலைகளை மாதக்கணக்கில் மூடி, புதிய மாதிரிக்குத் தயாராக வேண்டியதாயிற்று. ஸ்லோனின் முறை விரயத்தை வளர்த்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும், புதுமையில் மோகமில்லாத ஒருவர் தம் பழைய காரையே வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பதை அந்த முறை தடுக்கவில்லை.

இன்றைய முறை தடுக்கிறது. இருபது வருஷம் உழைக்கக்கூடிய இரும்புக்குள், ஐந்தாறு வருஷத்தில் ஆயுள் முடிகிற ஒரு சில்லு அமர்ந்துகொண்டு முழுக் காரின் விதியையும் தீர்மானிக்கிறது. டெஸ்லாவின் மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களில் நடந்ததைச் சற்று அருகில் சென்று பார்க்கலாம். 2018-இன் தொடக்கம் வரை செய்யப்பட்ட அந்தக் கார்களின் நடுத்திரைக்குப் பின்னால் 8 ஜிகாபைட் அளவுள்ள ஒரு நினைவகச் சில்லு இருந்தது. கார் ஓட ஓட அதில் குறிப்புகள் எழுதப்பட்டுக்கொண்டும் அழிக்கப்பட்டுக்கொண்டும் இருந்தன. சுமார் 3,000 தடவைக்கு மேல் அந்தச் சில்லின் அறைகள் தாங்கவில்லை. தேய்ந்து முடிந்ததும் திரை இருண்டது. அதோடு பின்புறக் கேமராவும், கண்ணாடியில் படியும் பனியைப் போக்கும் வசதியும் கைவிட்டன. எஞ்சியிருந்த பாகங்கள் அனைத்தும் திடமாக இருந்தபோதிலும், அத்தகைய சில்லு காரின் ஆயுள் முழுவதும் உழைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று என்பது கம்பெனியின் வாதம். ஐந்தாறு வருஷம் போதாது என்பது அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் பதில். 2021-இல் ஏறக்குறைய 1,35,000 கார்களைத் திரும்ப அழைத்துப் பழுது நீக்க வேண்டியிருந்தது.

அந்த ஒரு கம்பெனியோடு இது நிற்கவில்லை. முன்பு முகப்பு விளக்கு அணைந்தால் பல்பை மாற்றினோம். இன்று பல கார்களில் எல்இடி விளக்கு கூட்டோடு சேர்த்து ஒட்டி மூடப்பட்டிருப்பதால், உள்ளே ஒரு சிறு பாகம் பழுதானாலும், "முழு அசெம்பிளியையே மாத்தணும் சார்" என்கிறார் சர்வீஸ் அட்வைசர். சென்னைப் புதுப்பேட்டையில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடைகளிலிருந்து கதவு, கண்ணாடி, கியர்பாக்ஸ் என்று வேண்டியதைப் பேரம் பேசி வாங்கிவந்து, நின்றுபோன வண்டிகளை மறுபடி ஓட வைத்த மெக்கானிக்குகளின் கைத்திறன் எங்கும் போய்விடவில்லை. ஆனால் பல புதிய கார்களில், ஒரு வண்டியின் கண்ட்ரோல் யூனிட்டைக் கழற்றி அதே மாதிரியான மற்றொரு வண்டியில் மாட்டினாலும், கம்பெனியின் மென்பொருள் அங்கீகரித்தாலன்றி அது உயிர் பெறாது. அங்கீகாரத்துக்கும் அசெம்பிளிக்கும் ஆகிற செலவு காரின் மதிப்பையே தாண்டிவிடுகையில், நன்றாக ஓடும் எஞ்சினோடு வண்டி காயலான் கடைக்குப் போகிறது. புதிய கார்கள் புகையைக் குறைத்து உயிரையும் காக்கின்றன என்பது மெய்தான்; அந்த நன்மைக்காக மெக்கானிக்கின் கையைக் கட்டிப்போட வேண்டிய அவசியம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

நம் நாட்டில் இதை யாரும் கவனிக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. உதிரிப் பாகங்களையும் பழுதைக் கண்டறியும் கருவிகளையும் வெளிச்சந்தைக்குக் கொடாமல் முடக்கிவைத்ததற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் பதினான்கு கார்க் கம்பெனிகளுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. விவகாரம் மேல்முறையீட்டுக்குப் போயிற்று. பிரான்ஸ் தேசம் 2015-இல் இயற்றிய சட்டமோ, பொருளின் ஆயுளை வேண்டுமென்றே குறைப்பதை இரண்டாண்டுச் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஆனால் மனத்திலிருந்த நோக்கத்தை நிரூபிப்பது எளிதன்று. காலவரையறையைக் கணக்கிடுவது எளிது. தனியார் காருக்கு அரசு 15 ஆண்டுகளுக்குப் பதிவுச் சான்று தருகிறது; தலைநகர்ப் பிரதேசத்தில் 10 வருஷமான டீசல் கார்களும் 15 வருஷமான பெட்ரோல் கார்களும் ஓடக்கூடாதென்ற உத்தரவை உச்ச நீதிமன்றம் 2018-இல் வலியுறுத்தியது. வாங்கியவரை வருஷக் கணக்கு வைத்துக் கட்டுப்படுத்துகிற அரசு, அதே 15 ஆண்டுகளுக்குப் பாகங்களும் மென்பொருளும் கண்டறியும் கருவிகளும் நியாயமான விலையில் எந்தப் பட்டறைக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று விற்றவரையும் கட்டுப்படுத்துவதே முறை.

ஜெனரல் மோட்டார்ஸ் 2017-இல் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு, மறைமலைநகர் ஆலை உள்பட இங்கே தன் கார் உற்பத்தியை முடித்துக்கொள்வதாக 2021-இல் அறிவித்தது. பாகங்களும் சேவையும் தொடரும் என்று இரண்டும் வாக்களித்தனவென்றாலும், கடன் வாங்கிக் கார் வாங்கிய குடும்பங்கள் ஒரு கம்பெனியின் நல்லெண்ணத்தை மட்டுமே நம்பியிருக்கலாகாது. ஆகவே, இந்த நாட்டை விட்டுப் போகிற எந்தக் கம்பெனியும், தான் விற்ற கடைசிக் காரின் பதிவுக் காலம் முடியும்வரை வேண்டிய பாகங்களின் வரைபடங்களையும் மென்பொருளின் திறவுகோல்களையும் அரசிடம் ஒப்படைத்துவிட்டே போக வேண்டும் என்றும், அவற்றைக் கொண்டு அம்பத்தூரிலோ கோயம்புத்தூரிலோ உள்ள ஒரு சிறு தொழிற்கூடம் அந்தப் பாகங்களைச் செய்து விற்கலாம் என்றும் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்க்கப்பட வேண்டும்.