‘ரெண்டு சலுகையா ஒனக்கு?’

“ஏம்பா, எஸ்.சி. கோட்டால உள்ள வந்த. ஸ்காலர்ஷிப்பும் வாங்குற. இப்ப எழுத ஆளு வேணும், கூடுதல் நேரம் வேணும்னு வந்து நிக்கிற. ரெண்டு சலுகையா ஒனக்கு?”

அரசு உதவி பெறும் ஒரு கல்லூரியின் தேர்வுப் பிரிவில், வரிசையில் நின்ற இருபது மாணவர்கள் காதுபடக் கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்டவர் ஓர் எழுத்தர். கேட்கப்பட்ட தம்பி வரலாறு இரண்டாமாண்டு. அவன் சேரியில் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிக் கல்லூரிப் படி ஏறிய மூன்றாவது ஆள். பத்து வயதிலிருந்து பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறது. குழாய்க்குள்ளிருந்து பார்ப்பது மாதிரிதான் அவனுக்கு உலகம். பொழுது சாய்ந்தால் அதுவும் கிடையாது. கூடப் போயிருந்தவன் நான். அடுத்த கேள்வி எனக்கு வந்தது: “நீங்க யாரு சார், கட்சியா?”

அவன் கேட்டது என்ன? பெரிய எழுத்தில் வினாத்தாள். ஜன்னல் பக்கம் ஓர் இருக்கை. மணிக்கு 20 நிமிடம் கூடுதல். சொல்வதை எழுத ஓர் ஆள். இதில் எது சலுகை? கண்ணுள்ளவனுக்குக் கல்லூரி டியூப் லைட் போட்டுக் கொடுக்கிறதே, அது சலுகையா? மாடி ஏறப் படிக்கட்டு கட்டியிருக்கிறானே, அது யாருக்குக் கொடுத்த சலுகை? நடக்கிறவனுக்குச் செய்தால் அது கட்டடம், தவழ்கிறவனுக்குச் செய்தால் கருணை. இந்தக் கணக்கு நமக்குப் புதுசில்லை தோழர்களே. அக்கிரகாரத்துக்குத் தண்ணீர் வந்தால் அது ஊரின் ஏற்பாடு; சேரிக்கு வந்தால் ‘அவங்களுக்கு எல்லாம் செஞ்சு குடுத்தாச்சு’.

சட்டம் என்ன சொல்கிறது என்று அந்த எழுத்தருக்குத் தெரியாமல் இருக்கலாம், முதல்வருக்குமா தெரியாது? 1995இல் ஒரு சட்டம் வந்தது. அதை நீக்கிவிட்டு 2016இல் வந்த சட்டம் 21 வகை ஊனங்களை ஏற்கிறது. அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடம் என்கிறது. கூடுதல் நேரம், எழுத ஆள், பாடத்திட்டத்திலும் தேர்விலும் மாற்றம், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடத்திலிருந்து விலக்கு எல்லாம் 17ஆம் பிரிவில் அச்சடித்துக் கிடக்கிறது. 40 சதவீதச் சான்றிதழ் இருந்தால்தான் எழுத ஆள் தருவோம் என்று யாராவது சொன்னால், 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மறுத்திருக்கிறது என்று சொல்லுங்கள். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஒருவர் மத்தியத் தேர்வாணையத்தை எதிர்த்துப் போட்ட வழக்கு அது. மீறினால் என்ன தண்டனை என்று கேட்கிறீர்களா? முதல் தடவைக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். ஒரு கல்லூரி ஆண்டு விழாவுக்குப் பந்தல் போடும் காசுகூட இல்லை அது.

பெயர் வைப்பதில் மட்டும் குறைச்சல் இல்லை. 2015 டிசம்பரில் பிரதமர் வானொலியில் பேசி ‘திவ்யாங்’ என்று ஒரு பெயர் கொடுத்தார். தெய்வீக உறுப்புடையவனாம். நமக்கு இது பழகிய வித்தை. நம்மைக் கடவுளின் பிள்ளை ஆக்கி ‘ஹரிஜன்’ என்று பெயர் சூட்டியவர்கள் கடவுள் இருக்கும் வாசலில் நம்மை நிறுத்தியதுதான் வரலாறு. அந்தப் பெயரைச் சட்டத்தில் ஏற்ற முயன்றபோது, 1938இல் பம்பாய் சட்டசபையிலிருந்து அம்பேத்கரும் அவர் கட்சியினரும் எழுந்து வெளியே போனார்கள். தெய்வீகம் ஏறிய உடம்புக்கு ஒரு சாய்தளம் போடத் துப்பில்லை. பொதுக் கட்டடங்களை ஐந்தாண்டுக்குள் சரிசெய்ய வேண்டும் என்று 2016 சட்டம் வைத்த கெடு 2022 ஜூனோடு முடிந்து போனது. அந்தக் கல்லூரியின் தேர்வுப் பிரிவு இன்றைக்கும் இரண்டாம் மாடியில்தான் இருக்கிறது. (தமிழில் ‘மாற்றுத்திறனாளி’ என்கிறோம். அந்தத் தம்பி சொன்னான்: “எனக்கு மாற்றுத் திறன்லாம் ஒண்ணும் இல்லண்ணே, கண்ணு தெரியல, அவ்ளோதான்.” இந்தக் கட்டுரையில் ஊனம் என்றே எழுதுகிறேன்.)

சாதியும் ஊனமும் ஒரே நூலில் தைத்தவைதாம். குருடு, செவிடு, ஊமை, முடம் எல்லாம் பாவத்தின் மிச்சம் என்று எழுதி வைத்திருப்பது மனுஸ்மிருதி. குருடனுக்கும் செவிடனுக்கும் சொத்தில் பங்கில்லை என்பதும் அதுதான். எந்தப் புத்தகத்தை 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் கொளுத்தினோமோ அதே புத்தகம். ‘போன ஜென்மத்துல என்ன செஞ்சானோ’ என்று சேரியைப் பார்த்தும் சொல்வான், ஊன்றுகோலைப் பார்த்தும் சொல்வான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டில் ஊனமுற்றோர் 2.68 கோடி, மொத்த மக்களில் 2.21 சதவீதம். தாழ்த்தப்பட்டோரை மட்டும் எடுத்தால் 2.45. இந்த வித்தியாசம் எந்த ஜென்மத்துப் பாவம்? கல்குவாரியில் கண்ணைக் கொடுத்தவர் யார், தோல் ஷாப்பில் தோலையும் நுரையீரலையும் கொடுத்தவர் யார், பிரசவத்துக்கு வண்டி வராத தெரு எது? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். படிக்கிற பையனின் கையில் இறங்கும் அரிவாளுக்குத் தெரியும், எதை வெட்டுகிறோம் என்று.

எழுத ஆள் விஷயத்துக்கு வருகிறேன். எல்லாம் அங்கேதான் முட்டுகிறது.

“நீயே கூட்டிட்டு வா” என்றது கல்லூரி. 2018இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல், சொந்த ஆளா அல்லது தேர்வு நடத்துபவர் தரும் ஆளா என்று முடிவு செய்யும் உரிமையை மாணவனுக்கே கொடுத்தது. சொந்த ஆள் என்றால் மாணவனின் படிப்புக்கு ஒரு படி கீழே படித்தவராக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. பட்டப்படிப்புக்கு ஒரு படி கீழே படித்தவர், தேர்வு நாள் காலையில் வேலைக்குப் போகாமல் இருப்பவர், பஸ் ஏறி வருபவர். ஊருக்குள் இதற்கு நாலு பேர் கிடைப்பார்கள். சேரியில் யார்? அவன் தங்கைதான். பிளஸ் டூ முடித்துவிட்டுப் பனியன் கம்பெனிக்குப் போகிற பெண். ஐந்து தாள் என்றால் ஐந்து நாள் கூலி. அண்ணனின் பட்டத்துக்குத் தங்கையின் கூலி போகிறது. இதை எந்தச் சான்றிதழில் எழுதுவது?

ஒரு பருவம் தங்கைக்கு லீவு கிடைக்கவில்லை. கெஞ்சிக் கூத்தாடியதில் கல்லூரியே வேறு துறை மாணவன் ஒருவனை அனுப்பியது. முதல் தாள் நல்லபடியாக முடிந்தது. வெளியே வரும்போது “எந்த ஊரு நீ?” என்று கேட்டிருக்கிறான். சொன்னான். “ஊரா, காலனியா?” அதையும் சொன்னான். இரண்டாம் தாளில் 1932 பூனா ஒப்பந்தம் பற்றிய வினா. நம் தம்பி தனித்தொகுதி, காந்தியின் உண்ணாவிரதம், அம்பேத்கரின் மேல் விழுந்த நெருக்கடி என்று சொல்லிக்கொண்டே போக, எழுதுகிறவன் பேனாவை வைத்துவிட்டு, “இதெல்லாம் எழுதணுமா? சுருக்கமா சொல்லு” என்றிருக்கிறான். தாளில் எத்தனை வரி ஏறியது என்று தம்பிக்குத் தெரியாது. படித்துப் பார்க்க முடிந்தால் அவன் ஏன் ஆள் கேட்கிறான்? மூன்றாம் தாளுக்கு அந்தப் பையன் வரவே இல்லை. தம்பி அந்தத் தாளை எழுதாமல் திரும்பினான். பதிவேட்டில் ‘ஆப்சென்ட்’.

பார்க்காதவன் வாயில் இருக்கிற விடை ஆதிக்கச் சாதிப் பேனா வழியாகத்தான் தாளுக்குப் போக வேண்டும் என்றால், அந்தப் பேனாவைக் கண்காணிப்பது யார்? இதைப் பற்றி எந்த வழிகாட்டுதலிலும் ஒரு வரி கிடையாது. ஊனத்தைப் பற்றி எழுதுகிறவனுக்குச் சாதி தெரியவில்லை, சாதியைப் பற்றி எழுதுகிறவனுக்கு ஊனம் தெரியவில்லை.

நீதிமன்றமும் அப்படித்தான் தடுமாறுகிறது. 2020 ஜூலையில் ஆர்யன் ராஜ் வழக்கில், ஊனமுற்றோரும் சமூக ரீதியில் பின்தங்கியவர்களே, எஸ்.சி., எஸ்.டி. மாணவருக்கு உள்ள மதிப்பெண் தளர்வு அவர்களுக்கும் உண்டு என்றது உச்ச நீதிமன்றம். நல்லது. இரண்டாகவும் இருப்பவனுக்கு என்ன? அதற்குப் பதில் இல்லை. 2021 ஏப்ரலில் இன்னொரு தீர்ப்பு. ஆந்திராவில் பார்வையற்ற தலித் பெண் ஒருவர் மீது நடந்த பாலியல் வன்கொடுமை வழக்கு. சாதி, பாலினம், ஊனம் மூன்றும் ஒரே உடம்பில் எப்படிச் சேர்ந்து ஒடுக்குகின்றன என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். படித்தால் நம் பத்திரிகைக் கட்டுரையோ என்று தோன்றும். வல்லுறவுக்கான ஆயுள் தண்டனையையும் உறுதி செய்தார்கள். ஆனால் சாதியின் காரணமாகத்தான் நடந்தது என்பதற்குச் சாட்சியம் இல்லை என்று வன்கொடுமைச் சட்டப் பிரிவின் கீழ் தந்த தண்டனையை மட்டும் ரத்து செய்தார்கள். தத்துவம் நமக்கு, தண்டனைக் குறைப்பு அவனுக்கு.

சரி, நாம்?

வாசகர் வட்டம் நடத்துகிறோமே, எங்கே? டீக்கடைக்கு மேலே மாடியில். இரும்புப் படி, கைப்பிடி ஒரு பக்கம்தான், விளக்கு கிடையாது. கூட்டம் மாலை ஆறரைக்கு. பொழுது சாய்ந்தால் கண் தெரியாத ஒருவனை இரண்டு வருஷமாக “கூட்டத்துக்கு ஏன் வரல?” என்று கேட்டுக்கொண்டிருந்தவன் நான். அவன் சோம்பேறி என்றே நினைத்திருந்தேன். நம் மேடைப் பேச்சைக் கேளுங்கள். அரசு குருடாகிவிட்டது, நீதி செவிடாகிவிட்டது, எதிரணி முடமாகிவிட்டது. திட்டுவதற்கு வேறு சொல்லே கிடைக்கவில்லையா நமக்கு? ‘பறையன்’ என்பதை வசவாக்கியவனை மேடையேறி வெளுத்து வாங்குகிற வாய்தானே இது? நம் துண்டறிக்கையை அவனிடம் யாராவது படித்துக் காட்டியிருக்கிறோமா? நான் காட்டவில்லை.

மாணவத் தோழர்களுக்கு ஒன்று. வாய்மொழியாகக் கேட்காதீர்கள். கேட்டால் ‘பார்க்கலாம்’ என்பான், தேர்வு முடிந்துவிடும். பருவம் தொடங்கும்போதே எழுத்தில் கொடுங்கள். சான்றிதழ் நகலை இணையுங்கள், சட்டப் பிரிவைக் குறிப்பிடுங்கள், நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் தபாலில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் மாநில ஆணையருக்குப் புகார். சாதியைச் சொல்லி ஏசினால் அதை இந்த மனுவில் கலந்து கரைத்துவிடாமல் வன்கொடுமைச் சட்டத்தில் தனிப் புகார் கொடுங்கள். தனியாகப் போகாதீர்கள். நாலு பேர் போங்கள்.

நாங்கள் நாலு பேர் போனோம். சொல்வதை எழுதுகிறவரை மாணவனே தேர்வு செய்யவும், எழுதியதை அவனுக்குப் படித்துக் காட்டவும், அதற்கான நேரத்தைக் கூடுதல் நேரத்தில் கழிக்காமல் தரவும், வருகிறவருக்குக் கல்லூரியே ஊதியம் தரவும் கேட்டு மனு. ‘ஆப்சென்ட்’ என்று போட்ட தாளுக்கு மறுதேர்வு. எழுத்தர் மீது விசாரணை. முத்திரை போட மறுத்தார்கள். விரைவுத் தபாலில் அனுப்பி ஐந்து வாரம் ஆகிறது. ரசீது என் சட்டைப் பையில் இருக்கிறது. வாசகர் வட்டத்தைக் கீழே, சலூன்காரத் தோழரின் திண்ணைக்கு மாற்றியிருக்கிறோம், ஞாயிறு காலை பத்து மணிக்கு. போன வாரம் அவன் வந்தான். தங்கையையும் கூட்டி வந்திருந்தான். “எழுதுன அஞ்சு நாளுக்கும் கூலி கேட்டு நானும் ஒரு மனு போடலாமாண்ணே?” என்று அந்தப் பெண் கேட்டாள். எழுதிக்கொண்டிருக்கிறோம்.