மூலம்னு நினைச்சு மூடி வச்சது

எங்க பெரியண்ணன் பன்னிரண்டு வருஷமா வயலில் ரசாயனம் தொடாதவர். வீட்டில் மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி, கொல்லைக் கீரை. அவருக்குத்தான் போன வருஷம் ஆடியில் மலக்குடல் புற்றுநோய் என்றார்கள். "எனக்கா?" என்று டாக்டரிடம் இரண்டு தடவை கேட்டார்.

மலத்தில் ரத்தம் வர ஆரம்பிச்சு அப்போதே ஒன்றரை வருஷம். மூலம்னு அவரே முடிவு பண்ணி, துத்திக் கீரை, கருணைக்கிழங்கு, மோர் என்று ஓட்டியிருக்கிறார். கொஞ்ச நாள் நிற்கும், திரும்ப வரும். அண்ணிகிட்டகூட மூச்சு விடல. பயிரில் இலைச்சுருட்டுப் புழு தெரிஞ்சா பத்து பேருக்குப் போன் போடுற மனுஷன்.

இதில் எனக்கும் பங்கு உண்டு. "நஞ்சில்லா சோறு சாப்பிடுறவனைப் புற்றுநோய் அண்டாது" என்று நம்ம கூட்டங்களில் நானே பேசியிருக்கிறேன், அண்ணன் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். பூச்சிக்கொல்லி பற்றிச் சொன்னதில் ஒரு வார்த்தையையும் நான் திரும்ப எடுக்கப் போவதில்லை. தீட்டாத அரிசி, சிறுதானியம், பயறு தரும் நார்ச்சத்து குடலுக்கு நல்லது, இந்த நோயின் வாய்ப்பைக் குறைக்கும் என்று மருத்துவர்களும் சொல்கிறார்கள். குறைக்கும், அவ்வளவுதான். வயசு, பரம்பரை, குடி, புகையிலை எல்லாம் ஒரு பக்கம் இருக்கே!

பெரும்பாலும் இது குடலின் உள்சுவரில் சின்னச் சதை முளையாகத் தொடங்குகிறது. புற்றாக மாறப் பத்து வருஷம்கூட ஆகலாம். கொலனோஸ்கோபியில் பார்த்து, முளையாக இருக்கும்போதே எடுத்துவிடலாம். களையைப் பூக்கும் முன்னே பிடுங்குகிற நமக்கு இது புரியாதா? மூலத்திலும் ரத்தம் வரும், புற்றிலும் வரும். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. மலம் போகும் பழக்கம் மாறி வாரக்கணக்கில் நீடித்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, ரத்தசோகை என்றாலோ டாக்டரிடம் போங்க. வெட்கப்பட இதில் ஒண்ணும் இல்ல.

அறுவைக்குப் பிறகு அண்ணனுக்கு வயிற்றில் பை வைத்தார்கள். இனி மலம் அதில்தான். நர்ஸம்மா ஒரு தடவை காட்டிக்கொடுத்தார். மீதியைக் கற்றுக்கொடுத்தவர், பல வருஷமா பையோடு வாழ்கிற பக்கத்து ஊர் தையல்காரர். ஓட்டையை எந்த அளவுக்கு வெட்டணும், மூணுல ஒரு பங்கு நிறைஞ்சதுமே காலி பண்ணணும், தோல் புண்ணானால் தள்ளிப்போடாம ஆஸ்பத்திரிக்குக் காட்டணும் என்று, டீ குடிச்சுக்கிட்டே சொன்னார். அன்னிக்குத்தான் அண்ணன் மாசக்கணக்குக்கு அப்புறம் சிரிச்சார்.

நம்ம ஆட்கள் என்ன செய்தோம்? கீமோவை நிறுத்து, முள்சீத்தா இலைக் கஷாயம் குடி என்று போன் மேல போன். அறுவை முடிந்த சில வாரம் குழைந்த வெள்ளைச் சோறுதான் தரணும் என்று டாக்டர் சொல்லியிருக்க, மாப்பிள்ளைச் சம்பாக் கஞ்சியோடு வந்து நின்றோம். அன்புதான், ஒத்துக்கிறேன். ஆனால் அண்ணிக்குத் தேவைப்பட்டது, ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு ஒரு ஆள், மாட்டுக்குத் தண்ணி காட்ட ஒரு ஆள்.

மாதக் கூட்டத்தில் அரை மணி நேரம் இதற்கு ஒதுக்குங்க என்று கேட்கிறேன். பஞ்சகவ்யம் பற்றிப் பேச நேரம் இருக்கும்போது இதுக்கு இருக்காதா? யார் வீட்டில் சிகிச்சை நடக்கிறதோ அவங்க நடவையும் அறுப்பையும் நாம முறை வச்சுப் பார்த்துக்கலாம்.

அண்ணன் இப்போ மூட்டை தூக்குறதில்ல, மடை திருப்புறார். அடுத்த கூட்டத்தில் பேச வர்றேன்னு சொல்லியிருக்கார். கழிப்பறைக்குப் பக்கமா ஒரு நாற்காலி மட்டும் போட்டு வைக்கச் சொன்னார்.